காலண்டரில் போட்டாச்சு

சனிக்கிழமை காலையில் பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, உள்ளே பிள்ளை பாடுகிற சரளி வரிசையை மதில் சுவருக்கு வெளியே நின்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். பிள்ளையைப் பாட்டில் சேர்த்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சேர்ந்திருப்பது நீங்கள்தான். அந்த வேலைக்குப் பெயர் பாடகியின் தகப்பன், அல்லது தாய். சம்பளம் கிடையாது. லீவு கிடையாது. பிள்ளை தும்மினால் உங்களுக்கு இரத்த அழுத்தம் ஏறும். நான் அந்த வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் என்கிற முறையில் இதை எழுதுகிறேன்.

பிழைப்புக்கு நான் விருதுநகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். அதில் ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது. பள்ளியில் ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து, நாலு பேர் பொய் சொல்லி அனுப்பிவைப்பார்கள். பாடகியின் தகப்பன் வேலையிலிருந்து என்னை அனுப்பியபோது அதெல்லாம் இல்லை. மைக்கில் சொன்னார்கள். சிவகாசியில், நிறைந்த கல்யாண மண்டபத்தில், என் மகள் இந்துமதி மேடையில் உட்கார்ந்தபடி சொன்னாள். நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் எந்த மண்டபத்திலாவது மைக்கில் யாராவது ‘அப்பா’ என்றால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் உங்களில் ஒருவராவது பிழைப்பீர்கள்.

எங்கள் பக்கத்தில் கர்நாடக சங்கீதத்துக்கு மேடை வேண்டுமென்றால் முதலில் முதலாளியைப் பார்க்க வேண்டும். அவர் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பார், அல்லது தீப்பெட்டிக் கம்பெனி. கோவில் கொடை, பள்ளி ஆண்டு விழா, ஷோரூம் திறப்பு என்று எதற்கும் அவர்தான் செலவு செய்வார். எங்களுக்கு வாய்த்த முதலாளிக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஃபேக்டரி. நல்ல மனிதர். நானும் மகளும் பஸ்ஸில் இறங்கி, கரிசல் புழுதியில் நடந்து, அவர் ஆபீசுக்குப் போனோம். மேஜையில் புதுரகப் பட்டாசுப் பெட்டிகள். மகள் உட்கார்ந்து முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

“எங்க, பாப்பாவ ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க சார்” என்றார்.

நான் பையிலிருந்து வெந்நீர் பிளாஸ்கை எடுத்தேன். அந்தப் பை எப்போதும் தயாராக இருக்கும்: வெந்நீர், அதைவிடச் சூடான வெந்நீர், அதிமதுரம், ஒரு சால்வை, குளிர் அதிகமானால் அதற்கு மேல் போட இன்னொரு சால்வை. விருதுநகரில் குளிர் என்றைக்கு அடித்தது என்று கேட்காதீர்கள். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கல்யாணியை மெதுவாகத் தொடங்கினாள். முதலாளியின் செல்போன் அடித்தது.

“லோடு ஏறிருச்சா? ... ஏலே, இங்க பாட்டு நடக்குது, சுருக்கச் சொல்லு. ... எந்த லாரி? ... ம், நீ பாடும்மா, நீ பாடு.”

அவள் பாடினாள். முடித்ததும் முதலாளி தலையை ஆட்டினார்.

“நல்லாருக்கு. ஆனா சத்தம் பத்தல.”

தம்பிகளே, சத்தத்தை நிறம் பார்த்து, எடை பார்த்து விற்கிறவர் சொல்லும் தீர்ப்பு அது. நான் அதை மனதில் எழுதிக்கொண்டேன். அடுத்த முதலாளியும் அதையே சொன்னார். ஷோரூம் திறப்பு விழாவில் பில் போடும் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து, “பாப்பா, பின்னாடி நிக்கவங்களுக்குக் கேக்கல, கொஞ்சம் கூட்டிப் பாடு” என்றார்கள். நான் வீட்டில் சாதகத்தைக் கூட்டினேன். காலையில் ஒரு முறை பாடியதை மாலையிலும் பாடவைத்தேன். மேல் ஸ்தாயியில் நின்று பிடிக்கச் சொன்னேன். நான் அடுத்த அறையில் நின்று, “இன்னும், இன்னும்” என்பேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து, “பாடுறது அவ. மூச்சு வாங்குறது நீங்க” என்பாள். அந்த வேலைக்கு வராதவர்களுக்கு எல்லாமே கேலியாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

உள்ளூரில் சத்தம் போதாது என்றால் சென்னை எதற்கு இருக்கிறது? மார்கழியில் அங்கே போனோம். நீங்களும் போவீர்கள், தடுக்க முடியாது. ஒரு சபாவின் செயலாளரைப் பார்க்கக் காத்திருந்து உள்ளே போனோம். ஊர் கேட்டார். விருதுநகர் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

“அடடே, எண்ணெய் பரோட்டா!” என்றார்.

பிறகு பரோட்டாவைப் பற்றிப் பேசினார். சால்னாவைப் பற்றிப் பேசினார். சிவகாசி எவ்வளவு தூரம் என்று கேட்டார். பக்கம்தான் என்றதும், தீபாவளிக்குத் தன் பேரன்கள் படுத்தும் பாட்டைச் சொன்னார். நாங்கள் கொடுத்த பாட்டு சி.டி.யின் மேல் காபி டம்ளரை வைத்தார். அடுத்து வந்த தீபாவளிக்கு அவருக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் பார்சல் சர்வீஸில் போனது. இன்னும் சில செயலாளர்களுக்கும் போனது. எல்லாப் பெட்டியும் நன்றாக வெடித்ததாகச் செய்தி வந்தது. கச்சேரி வரவில்லை. கடைசியாக ஒரு சபாவில் காலை நேரத்தில் ஓர் இடம் கொடுத்தார்கள். அரங்கில் எங்கள் குடும்பம், வயலின்காரர் குடும்பம், வழி தெரியாமல் வந்துவிட்டு எழுந்து போகக் கூச்சப்பட்ட ஒரு பெரியவர். கேன்டீனில் மட்டும் நிற்க இடமில்லை.

அந்தக் கேன்டீனில்தான் எனக்குக் குரு கிடைத்தார். வயலின் வாசிக்கும் ஒரு பையனின் அம்மா. பையனின் விரல்களில் சாம்பார் படக்கூடாது என்று அவரே தோசையைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். பையனுக்கு மீசை முளைத்திருந்தது.

“புதுசா சார்?” என்றார் என்னிடம்.

“ஆமாம்மா.”

“பார்த்தாலே தெரியுது. காலையில உங்க பொண்ணு கச்சேரிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். கையை ஏன் மடியில கட்டி வெச்சிட்டு உட்கார்ந்தீங்க? முன் வரிசையில உட்காரணும். எல்லாருக்கும் தெரியுற மாதிரி தாளம் போடணும். அப்பனுக்கே இவ்வளவு ஞானம்னா பொண்ணுக்கு எவ்வளவு இருக்கும்னு செயலாளர் நினைக்கணும்.”

“எனக்கு அவ்வளவு தாளம் தெரியாதும்மா.”

“அவருக்கு மட்டும் தெரியுமா?”

தோசையின் கடைசித் துண்டு பையன் வாய்க்குள் போகும்வரை எனக்கு மேலும் இரண்டு பாடம் சொன்னார். ஒன்று, பிள்ளைக்குக் குரல் சரியில்லை என்று எந்த நிலையிலும் வெளியில் சொல்லக்கூடாது. “ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா அதுவே பேராயிடும் சார். அந்தப் பொண்ணா, அதுக்குத் தொண்டை சரியில்லைல்லம்பாங்க. தலைமுடி நரைச்சாலும் அதையே சொல்லுவாங்க.” இன்னொன்று, பேர் ஜனங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். “பாட்டை ஒரு மணி நேரம் கேட்பாங்க. பேரைத் தினமும் பார்க்கணும்.”

இதை வேறு ஊர்க்காரனிடம் சொன்னால் போஸ்டர் ஒட்டுவான். சொல்லப்பட்டது சிவகாசியில் மச்சினன் பிரஸ் வைத்திருக்கும் ஒருவனிடம்.

ஊர் உலகத்துக்கு அடுத்த வருடம் ஜனவரியில் பிறக்கும். எங்களுக்கு ஆடியிலேயே பிறந்துவிடும். அடுத்த வருடத்து அமாவாசையையும் பௌர்ணமியையும் ஆடியில் அச்சடித்து, கட்டுக் கட்டி, லாரியில் ஏற்றிவிடுகிற ஊர் சிவகாசி. அதனால் எங்களுக்கு ஒரு நோய் உண்டு. அச்சில் ஏறிவிட்டால் அது நடந்தே தீரும் என்று நம்புவோம்.

நான் மச்சினனிடம் தினசரிக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தேன். செலவு முதலாளியுடையது. மேலே அவர் கம்பெனி பெயர், நடுவில் தம்புராவோடு இந்துமதி. படத்துக்குக் கீழே ‘இசைத் தென்றல் செல்வி இந்துமதி’.

“இந்தப் பட்டம் யாரு குடுத்தது அத்தான்?” என்றான் மச்சினன்.

“நீ போடு. பின்னாடி யாராவது குடுப்பாங்க.”

அதோடு விட்டிருக்கலாம். தேதித்தாளில் ஏகாதசி, சுபமுகூர்த்தம், கரிநாள் என்று சின்ன எழுத்தில் போடுவார்கள் இல்லையா? மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தாளில் ‘சுபமுகூர்த்த நாள்’ என்பதற்குக் கீழே ‘மாலை செல்வி இந்துமதி இசைக் கச்சேரி, சிவகாசி’ என்று போடச் சொன்னேன். காலைக் கச்சேரிகளுக்குப் பிறகு அவளுக்கு அது முதல் முழு மாலைக் கச்சேரியாக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். அவளிடம் கேட்டீர்களா என்கிறீர்களா? ஏகாதசியிடம் கேட்டா போடுகிறார்கள்?

முதலாளி காலண்டரைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். “காலண்டர்லயே போட்டுட்டீகளா சார்! இனி சூரியன் உதிக்காட்டியும் கச்சேரி உண்டு.”

தை பிறந்தபோது அவள் டீக்கடையில் இருந்தாள், ரேஷன் கடையில் இருந்தாள், பஸ் ஸ்டாண்டு பழக்கடையில் வாழைத்தாருக்குப் பின்னால் இருந்தாள். தெரியாதவர்கள் என்னை நிறுத்தி, “மாசில பாப்பாவுக்குக் கச்சேரியாமில்ல, காலண்டர்ல பாத்தோம்” என்றார்கள். எதிர்த் தெருவில் ஒரு வீட்டில் காதுகுத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டு விசேஷம் தாளில் இருக்கிறதாம். மகளுக்கு மட்டும் இந்தப் பெருமை எதுவும் ஏறவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ப்பா” என்றாள். அவ்வளவுதான். பிறகு சாதகத்துக்குப் போய்விட்டாள். நானும் அடுத்த அறைக்குப் போய், “இன்னும்” என்றேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் அவள் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

மதுரையில் தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்கு வழியாகக் குழாயை விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாண்களில் வீக்கம். அழுத்திப் பாடிப் பாடி வந்தது. கொஞ்ச நாள் பேசவே கூடாது, பிறகு மெதுவாகத் தொடங்கலாம், மேலே ஏறிக் கத்தினால் இந்தக் குரல் திரும்பி வரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன் என்றார். மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர் வரவில்லை. எனக்கு வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“டாக்டர், மாசியில ஒரு கச்சேரி இருக்கு.”

“தள்ளி வைங்க.”

“காலண்டர்ல போட்டாச்சு டாக்டர்.”

அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்களுக்கு இது எவ்வளவு நாளா இருக்கு?” என்றார்.

வீடு அமைதியானது. ஒரே வீட்டுக்குள் வாட்ஸாப்பில் சாப்பிடக் கூப்பிட்டோம். அவள் குரல் போய்விடுமோ என்ற பயத்தில் எனக்கு அப்போது தூக்கமில்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், ஏனென்றால் அதே நான் கச்சேரியை ரத்து செய்யவும் இல்லை. இரண்டு பயமும் ஒரே மண்டைக்குள் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தன. பேசிக்கொள்ளவில்லை.

மாசி வந்தபோது டாக்டர் மெதுவாகப் பாட அனுமதித்தார். கச்சேரியை அவளே ஒரு வழியாக ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. சுருதியை இறக்கிக்கொள்வாள். பாடகர் ஒவ்வொருவரும் தன் குரலுக்கு ஏற்ற உயரத்தில் சுருதி வைத்துக்கொள்வது உங்களுக்குத் தெரியும். அவளுக்கு வழக்கமாக ஐந்தரைக் கட்டை. நாலரைக்கு இறக்கினால் தொண்டை தாங்கும். வயலினை அதற்கேற்ப இறக்கிக்கொள்ளலாம். மிருதங்கம் அவ்வளவு இறங்காது. அந்தச் சுருதிக்கு வேறு மிருதங்கம் கொண்டுவர வேண்டும். அதனால் எனக்கு வாட்ஸாப்பில் போட்டாள்: ‘மிருதங்கத்துக்கு நாலரைன்னு சொல்லிருங்கப்பா. மறந்துராதீங்க.’

நான் மறக்கவில்லை. மிருதங்கக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போனில் பேசினார். “சார், சுருதி வழக்கம்போலத்தான?”

என் காதில் கேன்டீன் குரு பேசினார். நாலரை என்று சொன்னால் ஏன் என்பார். தொண்டை என்று சொல்ல வேண்டும். அவர் இன்னொரு பாடகியிடம் சொல்வார். அதுவே பேராகிவிடும். மேடை ஏறி, கூட்டத்தைப் பார்த்துவிட்டால் அவள் பழையபடி ஐந்தரையில் பாடிவிடுவாள், எல்லாம் மனப் பயம் என்று எனக்கு நானே டாக்டரானேன்.

“வழக்கம்போலத்தான்” என்றேன்.

அன்று மண்டபம் நிறைந்தது. காலண்டர் செய்யும் வேலையைப் போஸ்டர் செய்யாது, அதை மட்டும் இன்றும் ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி வேனில் வேலையாட்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். முன் வரிசையில் முதலாளியும் அவருடைய சொந்தக்கார முதலாளிகளும். அவருக்குப் பக்கத்தில் நான், பட்டு வேட்டியில், கை எல்லாருக்கும் தெரியும்படி.

திரை விலகியது. மகள் தம்புராப் பெட்டியைத் தட்டிவிட்டாள். நாலரை. வயலின் வாசிக்கும் பெண் தந்திகளை இறக்கினாள். மிருதங்கக்காரர் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைத் தூக்கினார். மைக் திறந்திருந்தது.

“என்னம்மா இது? அப்பா வழக்கம்போலன்னு சொன்னாருல்ல? நான் ஐந்தரை மிருதங்கமில்ல கொண்டாந்திருக்கேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். கேள்வி கேட்கிற பார்வை இல்லை அது. பதில் தெரிந்துவிட்ட பார்வை.

நான் மேடைப் படிக்கு ஓடினேன். “ஒரு மணி நேரந்தான தாயி. ஐந்தரையிலயே சமாளிச்சிரு. ஊரே வந்திருக்கு.”

“கீழ போய் உக்காருங்கப்பா” என்றாள். அவ்வளவு மெதுவாகப் பேசினாள், தொண்டையைச் சேமிக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனி அவளுக்கு இருந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். ஐந்தரையில் பாடினால் குரல் போகலாம். எழுந்து போனால் இந்தப் பக்கத்தில் அப்புறம் மேடை கிடையாது. சுருதி சேராத மிருதங்கத்தோடு பாடினால் கேட்கிறவர்கள் காது போகும். அவள் வயலின் பெண்ணிடம் குனிந்து ஏதோ சொன்னாள். மிருதங்கக்காரரிடம் கைகூப்பினாள். பிறகு மைக்கை அருகில் இழுத்து, என் குரு எந்த நிலையிலும் சொல்லக்கூடாது என்றதை முதல் வாக்கியமாகச் சொன்னாள்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தொண்டை சரியில்ல. சத்தமாப் பாட முடியாது. மிருதங்கம் இல்லாம விருத்தம் மட்டும் பாடுறேன். நடுவுல அண்ணன் தனியா வாசிப்பாரு. பொறுத்துக்கோங்க.”

நடுவரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: “மெதுவாப் பாடு தாயி. எங்களுக்கு என்ன அவசரம், வேன் நாங்க ஏறுனாத்தான கெளம்பும்.”

விருத்தம் என்றால் தாளக்கட்டு இல்லாமல் பாடுவது. சொல்லும் ராகமும் தன் போக்கில் போகும், நிற்கும், மறுபடி போகும். இது எனக்குத் தெரியும். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்த என் கைக்குத் தெரியவில்லை. அவள் தொடங்கினாள், கை தொடையில் விழுந்தது. ஒன்று, இரண்டு. பயத்தில் இருந்தவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் இல்லையா? நான் தாளத்தைப் பிடித்துக்கொண்டேன், இல்லாத தாளத்தை.

பக்கத்தில் முதலாளி என் கையைப் பார்த்தார். சார் விஷயம் தெரிந்தவர் என்று அவரும் தொடையில் போட்டார். அவரைப் பார்த்து அவர் சம்பந்தி. சம்பந்தியைப் பார்த்து மருமகன். மருமகன் வெளியூரில் படித்தவர், கைதட்டியே போட்டார். சற்று நேரத்தில் சிவகாசிப் பட்டாசுத் தொழிலின் முன்வரிசை முழுவதும், தாளமில்லாத பாட்டுக்கு, ஆளுக்கு ஒரு வேகத்தில் தாளம் போட்டது. ஒருவர் மோதிரம் நாற்காலிக் கையில் டக் டக் என்று பட்டது. மிருதங்கக்காரர் முகத்தைத் துண்டால் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டார்.

மகள் ஓர் இடத்தில் இழுத்து நிறுத்த வேண்டும். முன்வரிசைத் தாளம் சரவெடி மாதிரி வெடிக்கிறது. அவள் குரல் லேசாகப் பிசிறியது. அதைச் சரிசெய்ய அவள் கொஞ்சம் சத்தம் கூட்ட, கழுத்து நரம்பு தெரிந்தது. அப்படி அழுத்தினால் உள்ளே என்ன ஆகும் என்று டாக்டர் அறைத் திரையில் பார்த்திருக்கிறேன். உடனே நிறுத்திவிட்டாள்.

மண்டபம் அமைதியானது. என் கை மட்டும் இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.

“அப்பா” என்றாள் மைக்கில். “இதுக்குத் தாளம் கிடையாதுப்பா. நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீகளா?”

மரியாதையாகத்தான் சொன்னாள். அதனால்தான் மண்டபம் சிரித்தது. வேலையாட்கள் சிரித்தார்கள், முதலாளிகள் அவசரமாகக் கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சிவப்புக் கம்பளத்தில் மேடையிலிருந்து வாசல்வரை நடந்தேன். மாப்பிள்ளைகள் உள்ளே வருகிற வழியில் நான் வெளியே போனேன். மனைவி எழுந்து வருவாள் என்று பார்த்தேன். அவள் நகர்ந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாசல் மேஜையில் மிச்சக் காலண்டர்கள். பக்கத்தில் பன்னீர்ச் செம்பு. அங்கே நின்றேன். உள்ளே குரல் மறுபடி தொடங்கியது, இன்னும் மெதுவாக. வாசலில் இருந்த ஒலிபெருக்கியில் முக்கால்வாசி ஃபேன் சத்தம்தான் வந்தது. எனக்கு ஒவ்வொரு இடைவெளியும் குரல் போய்விட்ட மாதிரி இருந்தது. ஒரு தடவை நீளமாக ஒன்றும் கேட்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மிருதங்கம் தனியாகத் தொடங்கியது. அவர் முறை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மிருதங்கம் முடிந்து அவள் மறுபடி தொடங்கினாள். அப்போது உள்ளேயிருந்து முதலாளியின் குரல் கேட்டது. லாரி ஆபீசுக்குப் பேசுகிற அதே குரல்.

“ஏலே, அந்த ஃபேன அம்புட்டையும் நிப்பாட்டுலே. புள்ள பாடுறது கேக்கல.”

ஒவ்வொன்றாக நின்றன. மாசி வெயில் காய்ந்த மண்டபத்தில் அவ்வளவு கூட்டம் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தது. ஒருவரும் எழவில்லை. என் மகள் பாடுவதை நான் முதல் தடவையாகக் கேட்டேன். அதற்கு முன்பெல்லாம் தாளத்தையும் தலைகளையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முடிந்து வெளியே வந்த முதலாளி சட்டை நனைந்து நின்றார். “சத்தம் கம்மிதான் சார்” என்றார். பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல், “கம்மிதான்” என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

குரல் பிழைத்தது. மதுரை டாக்டர் பார்த்துவிட்டு, “யார் இப்படிப் பாடச் சொன்னது? நல்ல வேலை பண்ணீங்க” என்று என்னைப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை. மகள் மறுத்தாள். இப்போது அவள் மதுரையில் அறை எடுத்து இருக்கிறாள். காலையில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணினியில் பாடம். மாதத்தில் ஒன்றிரண்டு கச்சேரி, எல்லாம் அவளே பேசுகிறாள், பல கச்சேரி நாலரையில்தான். பெரிய பேர் வந்துவிடவில்லை. வருமா என்றும் தெரியாது. தொண்டை சரியில்லாத பெண் என்ற பேர் வந்ததா என்றால், வந்தது. விருத்தம் பாடுகிற பெண் என்ற பேரும் கூடவே வந்தது. பின்னதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நான் கச்சேரி முடிந்த பிறகு யாராவது சொல்லித் தெரிந்துகொள்வேன்.

என் குருவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மைக்லயா சொன்னா?” என்றார். “பரவாயில்ல சார், நேர்ல சொல்லியிருக்கா. எங்க பையன் மெயில்ல அனுப்பினான்.”

பையன் இப்போது வேறு நாட்டில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறானாம். வயலின் இங்கே கட்டிலுக்கடியில். அவர் மட்டும் மார்கழியில் அதே கேன்டீனில் உட்கார்ந்து புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் சொல்கிறார். உங்களுக்கும் சொல்வார். தோசையை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆடியில் மச்சினன் கூப்பிட்டான். “அத்தான், இந்த வருசம் எந்தத் தேதில போட?”

“சாமி படம் போடு” என்று வைத்துவிட்டேன்.

போன வாரம் மகள் பேசினாள். விருதுநகரிலேயே கச்சேரியாம். என்னிடம் தேதி சொன்னாள். அவளே சொன்னது இதுதான் முதல் தடவை.

“வரலாம்ப்பா. ஆனா கடைசி வரிசை. கை ரெண்டும் பைக்குள்ள இருக்கணும்.”

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் பார்த்தேன், நான் கட்டுவது வேட்டி, சட்டைகளுக்கு எல்லாம் மேலே ஒரு பைதான். வாத்தியார் சட்டை, பேனா வைக்கிற பை. நேற்று மாலை தையற்கடைக்குப் போனேன். ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் ஆழமாகப் பை வைக்கச் சொன்னேன். தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி என்னைப் பார்த்தார்.

“என்ன சார் வைக்கப் போறீக? செல்லா, சாவியா?”

“கை” என்றேன்.